கடைசிக் காட்சியில் சாகாதவன்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மர அச்சும் ஒரு மண்வெட்டியுமாகத் தொடங்கிய ஹாலோபிரிக்ஸ் களம், இன்று மூன்று மிஷின் ஓடும் களம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில் என் கல் ஏறாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறிய பாலம் போட்டேன். இரண்டு மழைக்கு நிற்காது என்று படித்த ஒருவர் சொன்னார். பதினெட்டு மழை பார்த்துவிட்டது. எங்கள் கலைமன்றத்துக்கு வாசகசாலைக் கட்டடம் என் கையால் எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் மேடையை நூல் பிடித்து அளந்தது நான். இரண்டு பெண்மக்களுக்கும் வீடு. எங்கள் அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு இருமல் மட்டும்தான். மற்றதெல்லாம் நானாகச் செய்தது.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றையும் கட்டியிருக்கிறேன். ஒரு நாடகத்தில் வருகிற ஒரு ஆளை. பாதி ஆளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கட்டியவள் மருந்துக்கடைக்காரி. போன வருஷம் அவள் இறந்துபோனாள். அவள் நினைவாகக் கலைமன்றம் அந்த நாடகத்தைப் புத்தகமாகப் போடப்போகிறது. அச்சுக்குப் போகும் தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் என் பெயர் எங்கேயும் இல்லை. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. என் கெட்டதை அவள் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தேன்; ஒருவரும் காது கொடுக்கவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

காரக்கோணம் போகிற சாலையில் பஸ் நிற்கும் இடத்தில் அவள் கடை. அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர்களை நான் பார்த்ததில்லை. சின்னவர்களுக்கு மருந்துக்கடை அக்கா, எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் 'பிள்ளே'. ஒடிசலான உடம்பு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள். டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினால் மாத்திரை வராது, கேள்விதான் வரும். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, யார் சோறு விளம்பினார்கள், மீதம் வைத்தீர்களா. நிற்கிற பஸ் போய்விடும் என்று கெஞ்சினாலும் விடமாட்டாள். பிரஷர் மாத்திரை வாங்கப் போன என்னிடம் ஒருமுறை அப்படிக் கேட்டுக் கேட்டு, என் மனைவி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை என்பதை வெளியே எடுத்துவிட்டாள். கடையில் ஐந்து பேர் நின்றார்கள். அந்த ஐந்து பேருக்கும் நாளைக்கு நான்தான் கல் விற்க வேண்டும்.

நாடகத்தையும் அதே முறையில்தான் எழுதினாள். கலைமன்றத்துக்கு நாலு நாடகம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் மாத்திரை அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கத்து வெள்ளையில் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தது. ஒரு பாத்திரம் பேசவேண்டுமென்றால் அவளுக்கு முதலில் ஒரு விஷயம் தெரியவேண்டும். “காலத்த எழும்பி இவன் என்ன செய்யான்?” அதற்குப் பதில் கிடைக்காதவரை ஒரு வரி எழுதமாட்டாள். மற்ற நாடகங்களில் கேட்டுப் பழகிய வசனத்தை யாராவது இடையில் சொருகச் சொன்னால் உதட்டைச் சுழிப்பாள். “இது எக்ஸ்பயரி ஆயாச்சு” என்பாள். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் கலைமன்றத்தில் எத்தனை பேரின் எழுத்து ஆசை செத்துப்போனது என்று எண்ணி முடியாது.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பெருமையாகச் சொல்லிவந்ததுதான். எங்கள் கலைமன்ற ஆண்டு விழா ஓணம் கழிந்த வாரம் நடக்கும். எந்த நாடகமானாலும் நடுவில் என்னுடைய 'குணமணி' என்ற கோமாளி வேஷம் வரவேண்டும். சட்டை, வேட்டி, துவர்த்துத் துண்டைத் தோளில் மாராப்புப் போல இழுத்துப் போட்டுக்கொள்வேன். இடுப்பை ஒடித்து ஒரு நடை. கையை முறித்து ஒரு பேச்சு. அவ்வளவுதான், கூட்டம் விழுந்து புரளும். களியிக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள் அதைப் பார்க்க. இருபது வருஷத்துக்கும் மேலாக, நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தாலே சிரிப்பு தொடங்கிவிடும். படிக்காதவன் ஒருவன் ஆயிரம் பேரைச் சிரிக்கவைக்கிறான் என்று எனக்குள் ஒரு திமிர்.

மருந்துக்கடைக்காரி அதை முதன்முதலில் பார்த்த மறுநாள் மாத்திரைக்குப் போனேன். நன்றாக இருந்தது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“அந்த நடை ஆருக்க நடை அண்ணா?”

“எனக்க நடைதான். நானா உண்டாக்கினது.”

“நடையை ஒருத்தரு உண்டாக்க முடியாது. எங்கேயோ பாத்ததாக்கும்.”

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் மாத்திரைக்குப் போனபோதும் கேட்டாள். அதற்கடுத்த மாதமும். ஆள் மாறினால் விட்டுவிடுவாள் என்று மகளை அனுப்பினேன். மகளிடம், அப்பாவைத்தான் வரச்சொல் என்று மாத்திரையைக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினாள். வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யாராவது கேட்கட்டும் என்று உள்ளே எங்கேயோ இருந்திருக்க வேண்டும். பதினோராவது மாதம், மழை பெய்து கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், சொல்லிவிட்டேன்.

அது என் தம்பியின் நடை.

எனக்கு ஆறு வயது இளையவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவான். சின்ன வயதிலிருந்தே அவன் நடை அப்படித்தான், பேச்சும் அப்படித்தான். ஆண்டு விழாவில் ஒரு வருஷம் வரவேண்டிய நடிகன் வரவில்லை. இடைவெளியை நிரப்ப நான் ஏறி, வீட்டில் தினமும் பார்ப்பதைச் செய்தேன். கூட்டம் ஆர்த்தது. தம்பியும் கூட்டத்தில் இருந்தான். அவனும் சிரித்தான் என்றுதான் அன்று நினைத்தேன். இரண்டு வருஷத்துக்குள் ஊரில் அவனுக்குப் பெயரே குணமணி ஆகிவிட்டது. ரேஷன் கடையில் குணமணி. பஸ்ஸில் கண்டக்டர், குணமணிக்கு ஒரு டிக்கெட் என்று சத்தமாகச் சொல்லிக் கிழித்துக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை, வெட்டுக்கத்தியும் ஒரு பையும் எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. சண்டை எதுவும் கிடையாது. கள்ளிக்காட்டுப் பக்கம் தோட்டத்தில் வெட்டுகிறான், கல்யாணச் சமையல் செய்கிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருக்கிறான் என்று பின்னால் தகவல் வந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் வருஷாவருஷம் மேடையில் அவன் நடையை நடந்தேன்.

இதைக் கேட்டு அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு சொல்லித் தப்பித்திருப்பேன். கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்தாள்.

“காலத்த எழும்பி அவிய என்ன செய்யும்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. எந்தக் கல் எத்தனை நாள் நனையவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கூடப் பிறந்தவன் காலையில் எழுந்து என்ன செய்கிறான் என்று தெரியவில்லை.

அவள் எழுத நினைத்த நாடகம் அதற்கு முன்பே அவள் மனதில் இருந்திருக்கிறது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்கிற ஒரு வீடு. எழுதாமல் வைத்திருந்ததற்குக் காரணம், அந்த வீட்டுக்குள்ளே என்ன இருக்கும் என்று தெரியாததுதானாம். “இவியள வெச்சு எழுதுறவிய ஒண்ணு சிரிக்க வெச்சு எழுதுவாவ, இல்லேன்னா அழ வெச்சு எழுதுவாவ. ஒருத்தரும் சோறு தின்ன வெச்சு எழுதினதில்ல” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, போய்ப் பார்த்துவிட்டு வரச்சொன்னாள். மருந்து எழுதிக் கொடுப்பது போலச் சொன்னாள்.

போனேன். நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, அணைக்குப் போகிற வழியில் இறங்கி, விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். ஓடு போட்ட சின்ன வீடு. தம்பிக்குத் தலை நரைத்திருந்தது. அந்தச் சமையல்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, துணியால் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். தம்பியும் நானும் அரை மணி நேரத்தில் ஒன்பது வார்த்தை பேசியிருப்போம். மரச்சீனிக் கிழங்கும் மீனும் தந்தார்கள். சாப்பிட்டேன், வந்துவிட்டேன். மறுநாள் கடையில், நல்லாத்தான் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

“துணி எங்க காயப் போட்டிருக்கு?”

“கவனிக்கல்ல.”

“ஒரே கொடியிலயா, வேற வேறயா? மீனு ஆரு வெச்சது? அண்ணனுக்கு ஆரு விளம்பினது?”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நாடகம் எழுதுகிறாயா, போலீஸ் வேலை பார்க்கிறாயா என்று சத்தம் போட்டேன். அவள் அட்டைப்பெட்டியை மடக்கி மேசைக்குள் வைத்துவிட்டாள். அவ்வளவுதான், நாடகம் இல்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மறுபடியும் கள்ளிக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். இந்தமுறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போனேன். நான் கொடியையும் அடுக்களையையும் மாறி மாறிப் பார்ப்பதைத் தம்பி கண்டுவிட்டான்.

“அண்ணன் எதுக்கு வீட்டை இப்பிடி பாக்குது? வெலைக்கு வாங்கவா?”

இருபது வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் நையாண்டி. எனக்கு அது போதும் போல இருந்தது. காரணத்தை அவனிடம் சொன்னேன்: மருந்துக்கடைக்காரி ஒரு நாடகம் எழுதுகிறாள், உங்கள் வீட்டைப் போல ஒரு வீடு, அதில் யாரும் கோமாளி இல்லை. அவன் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். பதில் சொன்னது சமையல்காரர்தான். இவன் நாலு மணிக்கு எழும்புவான், என்று தொடங்கினார். எழும்பினால் லைட்டைப் போடமாட்டான், நான் தூங்குகிறேன் என்று. இருட்டில் தடவி நெற்றிவிளக்கை எடுப்பான். பிளாஸ்க்கில் பால் விடாத கட்டன் சாயா இருக்கும், படுக்கும் முன்னால் நான் போட்டு வைப்பது. அதை வாசற்படியில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவான். “நான் உறங்கல்லேன்னு அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் லைட்டு போடமாட்டான்” என்றார்.

இதைக் கடையில் வந்து சொன்னபோது மருந்துக்கடைக்காரி பேனாவை மூடி வைத்துவிட்டு, அண்ணா, நாடகம் கிடைச்சாச்சு என்றாள். முதல் காட்சி அப்படியே அதுதான். இருட்டு மேடை, ஒரு பிளாஸ்க், வாசற்படி. என் பாதி என்று நான் சொல்வது இதை.

எழுதி முடித்து வாசகசாலையில் கமிட்டிக்குப் படித்துக் காட்டினாள். நான் அப்போது பிரசிடெண்ட். செக்ரட்டரி, கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர்டு ஆனவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். படித்து முடித்ததும் அவர்தான் முதலில் வாய் திறந்தார். ஆள் நம் ஊர்க்காரனாக இருக்கவேண்டாம் என்றார். களியிக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் என்று வைத்துவிடலாம், நமக்கு வம்பில்லை. மருந்துக்கடைக்காரி தலையை ஆட்டினாள்.

“அங்க உள்ளவிய நாடகம் போட்டா பாறசாலைன்னு வெப்பாவ. பின்னே அந்த மனுசன் எங்க போய்த்தான் குடியிருக்கும்? செக்போஸ்ட்டுலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். செக்ரட்டரி விடவில்லை. சரி, கடைசிக் காட்சியில் அவன் சாகவேண்டும் என்றார். ரயில் பாதை பக்கத்தில்தான் இருக்கிறது, சத்தம் மட்டும் போட்டால் போதும், கூட்டம் அழும், போட்டியில் பரிசும் வரும். எனக்கும் அது சரியென்றே பட்டது, மறைக்கவில்லை. கூட்டம் சிரிக்காவிட்டால் அழவாவது வேண்டும் என்பது என் கணக்கு. நானும் தலையாட்டினேன்.

“எதுக்குச் சாகணும்? அவனுக்கு என்ன சீக்கு?” என்று கேட்டாள் அவள். “சீக்கு என்னன்னு சொல்லுங்க, நான் மருந்து தாறேன்.”

 கடைசிக் காட்சியில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இரண்டு பேரும் மரச்சீனி உரித்துக்கொண்டே, மழைக்கு முன்னால் ஓடு மாற்றவேண்டுமா வேண்டாமா என்று வழக்காடுகிறார்கள். வழக்கு முடியாமல் திரை விழுகிறது. இது என்ன முடிவு என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது. வீடு கட்டுகிறவன் ஓடு மாற்றும் பேச்சை மேடையில் பார்க்க எதற்கு வரவேண்டும்? ஆனால் அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் அட்டையை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றாள், சொன்னால் செய்கிறவள்.

அந்த ஆளாக நடிக்க அவள் என்னைக் கேட்டாள். வேறு யாரும் கூடாதாம். இந்த ஊருக்குக் குணமணியைக் காட்டியவர்தான் இவனையும் காட்டவேண்டும் என்றாள். அதைவிடக் கடினமான வேலை நான் செய்ததில்லை. குணமணியாக நடப்பது எளிது. சாதாரணமாக நடந்துபோய் ஒரு பிளாஸ்க்கை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒத்திகையில் தெரிந்தது. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு மாதம் பழகினேன்.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. ஆண்டு விழாவுக்கு முந்தின இரண்டு நாள் ஜீப்பில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்புப் போகும், ஒரு தரம் மலையாளத்தில், ஒரு தரம் தமிழில். அதில் என்ன சொல்லவேண்டும் என்று சொல்வது பிரசிடெண்டின் பொறுப்பு. நான் களத்தில் லாரி லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். மைக்செட்காரன் போனில் கேட்டான். எப்போதும் போலச் சொல் என்றேன். அவன் எப்போதும் போலவே சொன்னான்: குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, உங்கள் குணமணி மீண்டும் மேடையில். எல்லை கடந்தும் ஆட்கள் வந்தார்கள். நாற்காலி போதவில்லை.

தம்பியையும் நான்தான் போனில் அழைத்தேன். வந்திருந்தான். மூன்றாவது வரிசையில் சமையல்காரரோடு உட்கார்ந்திருந்தான். அந்த ஊர் மண்ணில் அவன் காலை வைத்து எத்தனை வருஷம்.

முதல் காட்சியில் நான் வந்தவுடனே சிரிப்பு வெடித்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை, வெறும் வேட்டி கட்டி இருட்டில் நடந்தேன், அதற்கே சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரி பக்கத் திரையில் நின்று, சிரிச்சுத் தீரட்டும், நீங்க சாயாவைக் குடிங்க என்று மெதுவாகச் சொன்னாள். குடித்தேன். ஒரு டம்ளர் கட்டன் சாயாவை எவ்வளவு நேரம் குடிக்கலாமோ அவ்வளவு நேரம் குடித்தேன். சிரிப்பு கரைந்தது. சிலர் செருமினார்கள். பிறகு நிஜமாகவே பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டாம் காட்சி ஒரு சத்தமில்லாமல் போயிற்று.

மூன்றாம் காட்சியில், ஊரிலிருந்து அந்த ஆளின் அண்ணன் வந்து, குடும்பத்தில் கல்யாணம், நீ மட்டும் வா, மற்றவரைக் கூட்டிவராதே என்று அழைப்பான். இவன் அண்ணனுக்குச் சோறு விளம்பி, அவன் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, வரமுடியாது என்று சொல்லிவிட்டு வெளியே போவான். அந்த வசனத்தை நான் சொன்னேன். கூட்டத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. இருபது வருஷத்தில் அந்த மேடையில் நான் கேட்காத அமைதி. எனக்குப் பயம் பிடித்தது.  பிடிக்கவில்லையோ, எழுந்து போய்விடுவார்களோ, என்னை மறந்துவிட்டார்களோ. கதவிலிருந்து பக்கத் திரைக்குப் பதினோரு அடி. அந்தப் பதினோரு அடியில் நான் குணமணியாக இரண்டு எட்டு வைத்தேன்.

கொட்டகை இடிந்து விழுவது போலச் சிரிப்பு. விசில். அத்தோடு எல்லாம் போயிற்று. கடைசிக் காட்சி முழுக்க, நாங்கள் ஓட்டைப் பற்றிப் பேசப்பேச, அவர்கள் அடுத்த சிரிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது மேடையிலிருந்து தெரிந்தது. தம்பி நேராக என்னையே பார்த்தான், திரை விழும்வரை. பிறகு மேடைக்குப் பின்னால் வந்து, “பிளாஸ்க்கு பிடிச்சது செரியா இருந்துது அண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டான். இரண்டு எட்டைப் பற்றிப் பேசவில்லை.

மருந்துக்கடைக்காரி அட்டைகளை ரப்பர் பேண்டில் கட்டி எடுத்துக்கொண்டு முன்பே போயிருந்தாள். அந்த மாதம் மாத்திரைக்குப் போனேன். சீட்டைப் பார்த்தாள், மாத்திரையை எடுத்து வைத்தாள். ஒரு கேள்வி இல்லை. நானாகவே, கஞ்ஞி குடிச்சாச்சு பிள்ளே என்றேன். சரி என்றாள். எனக்குப் பின்னால் நின்றவரிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். ஆறு மாதம் இப்படி. யாராவது கையை ஓங்கியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். ஏழாவது மாதம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுக்கு வெச்சீங்க அந்த ரெண்டு எட்டு?”

“சத்தமில்லாமப் போச்சு பிள்ளே. பயந்து போனேன்.”

அதை ஏதோ ஒரு அட்டையில் குறித்துக்கொண்டாள். பிறகு, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். அன்று எனக்கு அழுகை வந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுபடி ஒருமுறை மேடை ஏற்றவேண்டும், இந்தமுறை ஜீப்பில் அறிவிப்பே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கமிட்டி இழுத்தடித்தது. அதற்குள் அவளுக்கு உடம்பு முடியாமல் ஆயிற்று. அந்த ஆண்டு விழா நோட்டீசில் என் பெயரைத் தகவல் தந்தவன் என்று போட்டிருக்கலாமே என்று அவள் படுக்கையில் இருக்கும்போதும் நான் கேட்டேன். என் குணம் அது. அண்ணன் கொடுத்தது தம்பியின் வாழ்க்கை, அதற்கு அண்ணன் பெயர் போடவேண்டுமானால் தம்பி சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

போன வாரம் தம்பி போன் செய்தான். அவனாகப் போன் செய்வது அபூர்வம். புத்தகம் வரப்போவது அவன் காதுக்கும் போயிருக்கிறது. “அண்ணா, அந்த ரெண்டு எட்டும் பொஸ்தகத்துல உண்டா?” என்று கேட்டான். நாடகம் நடந்த நாளிலிருந்து எட்டு வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறான். இருக்காது, அவள் எழுதவில்லையே என்றேன். சொல்லிவிட்டு நேராகச் செக்ரட்டரி வீட்டுக்குப் போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் காட்சி முடிவில், பிராக்கெட் போட்டு, 'இடுப்பை வளைத்து நளினமாக நடந்து போகிறான்' என்று இருந்தது. நாடகம் நடந்த அன்று செக்ரட்டரி தன் பிரதியில் எழுதி வைத்துக்கொண்டதாம். அதை வைத்துத்தான் டைப் அடித்திருக்கிறார்கள்.

“பிரசிடெண்டே, அதாக்கும் நாடகத்துக்க ஹைலைட்டு. ஜனம் இப்பமும் அதைத்தான் சொல்லுவினும்” என்றார் அவர்.

“அது அவ எழுதினதில்ல. நான் வெச்சது.”

“அவ போயாச்சு. இனி ஆரு வந்து கேக்கப் போறா?”

நான் கேட்கிறேன். இப்போதைய கமிட்டியில் எனக்கு இடம் இல்லை, பேச்சுக்கு மதிப்பு இல்லை, சரி. அவளுடைய அட்டைகள் அவள் மகளிடம் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் அவள் எழுதியிருப்பது ஒரே சொல்: 'போகிறான்.' அந்தச் சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லை. எப்படிப் போகிறான் என்று அவள் எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. மாத்திரையை எத்தனை வேளை என்று எழுதித் தருகிறவளுக்கு அதுவா மறக்கும்?

தம்பியிடம் உள்ளதைச் சொன்னேன். என் பெயர் போடும் விஷயத்தையும் கேட்டேன்.  “எனக்க பேரு வேண்டாம். அண்ணனுக்க பேரு போடட்டு. ரெண்டுக்கும் போடட்டு” என்றான்.

ஆகவே கலைமன்றத்துக்கு நான் சொல்வது இது. புத்தகத்தில் என் பெயர் இரண்டு இடத்தில் வரவேண்டும், வீட்டுப் பெயரும் இனிஷியலும் சேர்த்து. முதல் காட்சியின் கீழே, பிளாஸ்க்கும் லைட்டைப் போடாததும் என் தம்பி வீட்டில் கண்டது, கொண்டுவந்து கொடுத்தவன் நான் என்று. மூன்றாம் காட்சியில் பிராக்கெட்டை எடுத்துவிட்டு 'போகிறான்' என்று அவள் எழுதியபடி விடவேண்டும். அதன் கீழே, அன்று மேடையில் கூட்டம் பார்த்துச் சிரித்த இரண்டு எட்டு எழுதியவளுடையது அல்ல, பயந்துபோய் நான் வைத்தது என்று போடவேண்டும். முதலாவதைப் போட இடம் போதாது என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவதை விடச் சம்மதிக்க மாட்டேன்.